ஹப்பு மேல பழி போடுறதுக்கு முன்னாடி...

போன வாரம் நம்ம சைக்கிள் கோஷ்டி நண்பர் ஒருத்தரோட பதிவு படிச்சேன். "உள்கியர் சைக்கிளை மலைக்கு ஓட்டிட்டுப் போறதும் அம்மிக்கல்லை இடுப்புல கட்டிக்கிட்டு நீச்சல் அடிக்கிறதும் ஒண்ணு. நீங்க மிதிக்கிறதுல பாதியை ஹப்பே தின்னுடும்"னு எழுதியிருந்தார். கீழே வழக்கம்போல 'ரிப்பீட்டேய்', 'சரியாச் சொன்னீங்க தல', 'என் அனுபவமும் இதேதான்'. ஒரே ஒரு ஆளாவது 'பாதின்னு எப்படிங்க அளந்தீங்க?'ன்னு கேட்டிருப்பார்னு கடைசிப் பின்னூட்டம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். ம்ஹூம்.

ஒரு உண்மையையும் சொல்லிடறேன், அப்புறம் யாராவது தோண்டி எடுத்து மானத்தை வாங்குவீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே வலைப்பூவுல நானும் கிட்டத்தட்ட இதையேதான் எழுதினேன். கல்வராயன் மலை ஏற முடியாம பாதியில திரும்பி வந்த கடுப்புல எழுதினது. அந்தப் பதிவை அழிக்கலை, அப்படியே இருக்கட்டும். அது தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

உள்கியர்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. சாதாரண கியர் சைக்கிள்ல பின் சக்கரத்துப் பக்கத்துல அடுக்கடுக்காப் பல்சக்கரம் இருக்கும், செயின் ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவும். உள்கியர்ல வெளியே பார்த்தா ஒரே ஒரு பல்சக்கரம்தான், நம்ம அப்பா காலத்து சைக்கிள் மாதிரியே. கியர் எல்லாம் ஹப்போட வயித்துக்குள்ள. நடுவுல அச்சோட நிலையா நிக்கிற ஒரு சின்னப் பல்சக்கரம், அதைச் சுத்தி வர்ற குட்டிப் பல்சக்கரங்கள், அதுங்களைச் சுத்தி உள்பக்கம் பல் வெட்டின ஒரு வளையம். நாங்க காலேஜ்ல 'எபிசைக்ளிக் கியர் டிரெய்ன்'னு டேபிள் போட்டு மார்க் வாங்கின சமாச்சாரம். நிஜத்துல ஒண்ணைக் கையில எடுத்துப் பார்த்தது வேலைக்குப் போன பிறகுதான், அது வேற சோகம்.

இதுல பெரிய பேரு இங்கிலாந்து நாட்டிங்காம்ல 1902ல ஆரம்பிச்ச ஸ்டர்மி ஆர்ச்சர். அவங்களோட ஏடபிள்யூ மூணு கியர் ஹப்பு 1936ல வந்தது. உள்ளே நடுச் சக்கரத்துக்கு 20 பல், வளையத்துக்கு 60 பல். கணக்குப் போட்டா முதல் கியர் 0.75, ரெண்டாவது 1, மூணாவது 1.33. ரெண்டாவது கியர்ல பல்சக்கரம் ஒரு சுத்து சுத்தினா பின் சக்கரமும் ஒரு சுத்து. அதாவது அந்த கியர்ல உங்க மிதி குட்டிச் சக்கரங்கள் வழியாப் போறதே இல்லை, நேரா ஹப்பு ஓட்டுக்குப் போயிடும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

நடுவுல ஒரு புலம்பல். அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பிச்சது 1949. இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோட கூட்டு. 1960ல அந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் ராலேயும் ஒண்ணாச் சேர்ந்தாங்க. ஸ்டர்மி ஆர்ச்சர் ராலேயோட கம்பெனி. ஆக ஒரு காலத்துல அம்பத்தூரும் அந்த மூணு கியர் ஹப்பும் சொந்தக்காரங்க. இருந்தும் நம்ம ஊர்த் தெருவுல ஓடினது பூரா ஒத்தைப் பல்லு. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வராத கதை. 2000ல நாட்டிங்காம் தொழிற்சாலையே போச்சு, பேரைத் தைவான் சன்ரேஸ் வாங்கிக்கிச்சு. சரி, மேட்டருக்கு வருவோம்.

என்கிட்ட இருக்கிறது சித்தப்பா சிங்கப்பூர்லேர்ந்து கொண்டு வந்து போட்ட பழைய ராலே. ஹப்பு மேலே ஏடபிள்யூன்னும் பக்கத்துல 74ன்னும் அச்சடிச்சிருக்கும், தயாரான வருஷம். என்னை விட ரொம்பப் பெரியவர். ஊருக்குப் போறப்ப கள்ளக்குறிச்சியிலேர்ந்து கச்சிராயபாளையம் வழியா கோமுகி அணை வரைக்கும் காலையில ஒரு சுத்து போயிட்டு வருவேன். ரெண்டு பக்கமும் கரும்பும் மரவள்ளியும். கரும்பு டிராக்டர் வந்தா மட்டும் இறங்கி ஓரம் நின்னுடணும், அது நமக்கு வழிவிடும்னு கனவு காணக்கூடாது. அணையைத் தாண்டினா மலைப்பாதை. வெள்ளிமலை வரைக்கும் ஒரு தடவையாவது இந்த சைக்கிள்ல ஏறணும்னு ஆசை.

மலை ஏறப் போறோமேன்னு வண்டியை ஓவராயிலிங் பண்ணக் கொடுத்தேன். கடை எது, ஆள் யாருங்கிறது வேண்டாம், நல்ல மனுஷன். அவர் வாழ்க்கையில ஆயிரம் ஹப்பு பிரிச்சு மாட்டியிருப்பார், இந்த மாதிரி ஒண்ணு அவர் கைக்கு வந்ததில்லை. பிரிச்சார், கழுவினார், கை நிறையக் கெட்டி கிரீஸ் அப்பினார், மாட்டினார். சக்கரம் லேசா ஆடுச்சுன்னு ரெண்டு பக்கமும் கோனை இழுத்துப் பிடிச்சு முடுக்கினார். செயினையும் வீணைத் தந்தி மாதிரி இழுத்து வச்சார். "தம்பி, இப்ப பாருங்க, கல்லு மாதிரி இருக்கு"ன்னார். கல்லு மாதிரிதான் இருந்தது :-(

அணை தாண்டி ரெண்டாவது வளைவுல முதல் கியர்ல எழுந்து நின்னு மிதிக்கிறேன், 'களுக்'னு ஒரு சத்தம், கால் கீழே போச்சு, நான் டாப் பார் மேல உட்கார்ந்தேன். ஆண் பதிவர்கள் அனைவரும் ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கவும். வண்டியைத் தள்ளிக்கிட்டே இறங்கி வந்து வீட்டுல உட்கார்ந்து எழுதினதுதான் அந்தப் பழைய பதிவு. ஹப்பு சரியில்லை, டிசைன் சரியில்லை, உராய்வு உராய்வு உராய்வு.

ஆபீஸ்ல புதுசா வர்ற பசங்க புரோகிராம் ஓடலைன்னா "கம்பைலர்ல பக் இருக்கும்னு நினைக்கிறேன்"னு வந்து நிப்பாங்க. சிரிச்சுட்டு 'நீ எழுதின கடைசி பத்து வரியைக் காட்டு'ம்பேன். அதே நான், வண்டி கனக்குதுன்ன உடனே தொண்ணூறு வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற ஒரு டிசைன்ல பக்குன்னு எழுதிட்டேன். கடைசியா மாத்தினது என்ன, ஓவராயிலிங்தானே? அதை யோசிக்கவே இல்லை.

என்னோட சண்டை இதான் மக்களே. 'கனக்குது'ங்கிறது நோய் இல்லை, அறிகுறி. காய்ச்சல் மாதிரி. அதுக்குள்ள சம்பந்தமே இல்லாத நாலஞ்சு சங்கதி இருக்கு. சக்கரத்துல காத்து, கோன் முடுக்கம், செயின் இழுவை, பிரேக் உரசுறது, கியர் விகிதமே பெரிசா இருக்கிறது, கடைசியா ஹப்புக்குள்ள பல்லும் பல்லும் உரசுறது. இதுல கடைசி ஆசாமியைத்தான் எல்லாரும் முதல்ல தூக்குல போடுறாங்க. ஏன்னா அவர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியாம உள்ளே உட்கார்ந்திருக்கார்.

சாட்சியை ஒவ்வொண்ணாக் கூப்பிடுவோம்.

"இறக்கத்துலயே உருள மாட்டேங்குது, ஹப்பு கியர்ல அப்படித்தான்"னு ஒரு பின்னூட்டம் இருந்தது. அண்ணாச்சி, இறக்கத்துல நீங்க மிதிக்கறீங்களா? மிதிக்காம உருள்றப்ப குட்டிச் சக்கரம் எதுவும் எந்தச் சுமையையும் சுமக்கிறதில்லை. ஓடு சுத்தும், உள்ளே கொக்கிங்க 'டிக் டிக்'னு தாவும், ரெண்டு பக்கமும் பால்ரஸ் ஓடும். அவ்வளவுதான். இறக்கத்துல வண்டி நின்னா கியர் டிசைன் மேல கேஸ் நிக்காது. கோன், பிரேக், காத்து, இந்த மூணுல ஒருத்தர்தான் குற்றவாளி.

இன்னொருத்தர், "ஸ்டாண்டு போட்டு கையால பெடலைச் சுத்திப் பாருங்க, சாதா சைக்கிளை விட இறுக்கமா இருக்கும், அதுவே ஆதாரம்"ங்கிறார். இது கொஞ்சம் நியாயமாத் தெரியும், அதனாலதான் ஆபத்து. கையால சும்மா சுத்துறப்ப உணர்ற இழுவை கிரீஸோட பிசுபிசுப்பும் கொக்கி ஸ்பிரிங்கும். அது கிட்டத்தட்ட நிலையான அளவு. நீங்க மிதிக்கிற சக்தி கூடக் கூட அதோட பங்கு சதவீதத்துல குறைஞ்சுக்கிட்டே வரும். செஸ்டர் கைல், ஃப்ராங்க் பெர்ட்டோன்னு ரெண்டு பேர் 2001ல 'ஹியூமன் பவர்' இதழ்ல அளந்து எழுதியிருக்காங்க. 80, 150, 200 வாட்னு சக்தியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாங்க. சுமை கூடினா திறனும் கூடுது. வெளிக் கியரை விட உள்கியர் பொதுவா ஒரு 2 சதவீதம் கம்மி. பாதி இல்லைங்க, ரெண்டு. அதுவும் வெளிக் கியர் சுத்தபத்தமா ஆய்வுக்கூடத்துல இருக்கிறப்ப. கரும்புச் சோகையும் செம்மண்ணும் ஒட்டின வெளிக் கியருக்கு அந்த ரெண்டும் மிஞ்சுமான்னு எனக்குச் சந்தேகம்.

ரெண்டு சதவீதம்னா எவ்வளவு? நானும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ. நூத்துக்கு ஆறு அடி ஏறுற ரோட்டுல மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துல போறேன்னு வைங்க. புவியீர்ப்புக்கு எதிரா ஏற மட்டும் சுமார் 110 வாட். டயர் உருள ஒரு 15 வாட் சேர்த்துக்கோங்க. மொத்தம் 125. இதுல 2 சதவீதம் ரெண்டரை வாட். ஒரு கிலோ எடை கூடினா இதே ஏத்தத்துல ஒண்ணரை வாட் ஆகுது. ஆக ஹப்பு தின்னுடுச்சு தின்னுடுச்சுன்னு நீங்க அழற சமாச்சாரம், முதுகுப் பையில தூக்கிட்டுப் போற ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலை விடக் கம்மி. டயர்ல காத்து பாதி இறங்கி உருள்ற இழுவை ரெண்டு மடங்கு ஆச்சுன்னா அதுவே 15 வாட். ஹப்பு கேட்டதைப் போல ஆறு மடங்கு. காத்தடிக்கிற பம்பு வீட்டுலயே இருக்கு, ஆனா கோபம் ஹப்பு மேல.

சரி, என் வண்டி கதை எப்படி முடிஞ்சதுன்னு சொல்றேன். யாருக்காவது உபயோகப்படும், எல்லா உள்கியருக்கும் கிட்டத்தட்ட இதே வழிதான்.

முதல்ல செயினைக் கழட்டினேன். பெடலைச் சுத்திவிட்டா பம்பரம் மாதிரி சுத்துச்சு. முன்பக்கம் நிரபராதி. அடுத்து பின் சக்கரத்தைத் தூக்கி மெதுவாத் தள்ளிவிட்டேன். நல்ல சக்கரம் எப்படி நிக்கும் தெரியுமா? வால்வு இருக்கிற இடம் கொஞ்சம் கனம். அதனால சக்கரம் வேகம் குறைஞ்சு, வால்வு கீழே வந்து, தாண்டிப் போய், திரும்ப வந்து, ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி நிக்கும். என்னுது வால்வு பக்கவாட்டுல இருக்கிறப்பவே 'டக்'னு நின்னுடுச்சு. பிரேக் கட்டையைப் பார்த்தேன், ரெண்டு பக்கமும் இடைவெளி இருக்கு. அப்ப கோன். இந்த வால்வு ஊஞ்சலுக்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு கருவியும் வேண்டாம். பத்து செகண்டு வேலை. உள்கியரைத் திட்டி எழுதின எத்தனை பேர் இதைச் செஞ்சு பார்த்திருப்பீங்க?

அடுத்தது, சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி இருக்கிற பல்சக்கரத்தை மட்டும் விரலால பின்பக்கமாச் சுத்தினேன். 'டிக் டிக்'னு லேசாச் சுத்தணும். எனக்கு விரல் வலிச்சது, டிக்கும் இல்லை. வலது கோனும் இறுக்கம்.

இங்கதான் அந்த நல்ல மனுஷர் செஞ்ச தப்பு புரிஞ்சது. சாதா ஹப்புல எந்தப் பக்கக் கோனை வேணா முடுக்கலாம், ரெண்டும் ஒண்ணுதான். ஏடபிள்யூல அப்படி இல்லை. வலது கோனை விரலால முட்டுற வரைக்கும் திருகி, சரியா அரைச் சுத்து பின்னாடி எடுத்து, பூட்டு நட்டு போட்டுட்டா அதோட அதை மறந்துடணும். ஆட்டத்தை எடுக்கிறதெல்லாம் இடது கோன்லதான். அதுவும் ரிம்மைப் பிடிச்சு அசைச்சா மயிரிழை அளவு ஆட்டம் மிச்சம் இருக்கணும். ஆட்டமே இல்லாத சக்கரம் நல்ல சக்கரம்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை. உள்கியர்ல ஆட்டமே இல்லைன்னா அது நெரிபடுதுன்னு அர்த்தம். வலது கோனை இஷ்டத்துக்குத் திருகினா உள்ளே இருக்கிற சாமானெல்லாம் இடம் மாறி கியர் விழுறதும் குழம்பிப் போகும்.

ரெண்டு கோனையும் தளர்த்தி, சொன்னபடி வச்சேன். வால்வு ஊஞ்சல் ஆடுச்சு!

செயினை மாட்டினேன். செயின்வீல் முழு வட்டமா இருக்கிறது ரொம்ப அபூர்வம், ஒரு இடத்துல இறுகும், ஒரு இடத்துல தொங்கும். மெதுவாச் சுத்திப் பார்த்து, ரொம்ப இறுகுற இடத்துல நடுச் செயினை விரலால தூக்கி அமுக்கினா அரை இஞ்ச் மேலேயும் கீழேயுமா அசையணும். தளர்வான இடத்துல வச்சு இழுத்துக் கட்டினா இறுகுற இடத்துல அச்சையே வளைக்கிற மாதிரி இழுக்கும். என்னுது அப்படித்தான் இருந்தது. (செயினுக்கு எண்ணெய் விட்டா எல்லாம் சரியாப் போச்சுங்கிறவங்களுக்கு ஒரு தகவல். 1999ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஸ்பைசர்னு ஒரு பேராசிரியர் குழு அளந்து பார்த்தது. சுத்தமான செயின் 98.6 சதவீதம் வரைக்கும் சக்தியைக் கடத்துச்சு, எண்ணெயால பெரிய வித்தியாசம் தெரியலைன்னாங்க. எண்ணெய் துருவையும் தேய்மானத்தையும் தடுக்கத்தான். அதுக்காக வீட்டுத் தேங்காயெண்ணெயை ஊத்திடாதீங்க, நாளாக நாளாக அது பிசினாப் போய் மண்ணைக் கூப்பிட்டு வச்சுக்கும்.)

கடைசியா அந்த 'களுக்'. முதல்ல கம்பியைப் பார்த்தேன். ரெண்டாவது கியர்ல வச்சு, வலது பக்க நட்டுல இருக்கிற சின்ன ஜன்னல் வழியாப் பார்த்தா, உள்ளே போற சங்கிலிக் கம்பியோட தோள்பட்டை அச்சு முனைக்குச் சமமா இருக்கணும். இருந்தது. அப்ப என்ன? காதை வச்சுக் கேட்டேன். ஏடபிள்யூல முதல் கியர்ல மிதிக்கிறப்ப சத்தம் இருக்காது. ரெண்டு, மூணுல 'டிக் டிக்'னு கடிகாரம் ஓடணும். என்னுது ரெண்டுலயும் ஊமை. டிக் சத்தம் போடுற அந்தக் கொக்கிதான் முதல் கியர்ல வேலை செய்யுற கொக்கி. அது கெட்டி கிரீஸ்ல ஒட்டிக்கிட்டுப் படுத்துக் கிடந்தது. ரெண்டுல ஊமையா இருந்தா ஒண்ணுல வழுக்கும். நான் மலை ஏறுறதுக்கு முன்னாடியே ஹப்பு என்கிட்ட சொல்லிட்டுத்தான் இருந்திருக்கு, 'ஆஹா, ஓவராயிலிங் பண்ணதும் சத்தமே இல்லையே'ன்னு நான்தான் சந்தோஷப்பட்டேன்.

ஹப்பைத் திறக்கலை. அந்தக் காலத்து ஹப்புல எண்ணெய் விட ஒரு குட்டி மூடி இருக்கும். அதுல லேசான எண்ணெய் விட்டு, கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் ரோட்டுல தினமும் ஓட்டினேன். கிரீஸ் கரைஞ்சு கரைஞ்சு ஓரமா வடிஞ்சது. துடைச்சேன், மறுபடி எண்ணெய். நாலாவது நாள் காலையில 'டிக்... டிக்... டிக்'. சத்தியமாச் சொல்றேன், இளையராஜா பின்னணி கேட்டுச்சு.

வீட்டுக்குப் பக்கத்துல லேசான சரிவு ஒண்ணு இருக்கு. கோன் இறுகி இருந்தப்ப ஒரு மின்கம்பத்துக்கிட்டேர்ந்து மிதிக்காம உருட்டிவிட்டா அடுத்த கம்பத்துக்குப் போறதுக்குள்ள நின்னுடும். இப்ப மூணாவது கம்பத்தைத் தாண்டுது. அதே ஹப்பு, அதே 1974 மாடல்.

இனிமே ரெண்டாவது கியரை எதுக்கு ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்னு சொல்றேன். எல்லாம் சரி பண்ணின பிறகும் கனக்குதா? ஒரே ரோட்டுல நேரடி கியர்ல போங்க. ஏடபிள்யூக்கும் ஷிமானோ மூணு கியருக்கும் அது 2, ஷிமானோ நெக்சஸ் 8க்கு 5, ரோலாஃப் 14க்கு 11. அந்த கியர்ல குட்டிச் சக்கரங்களுக்கு வேலை இல்லை. அதுலயும் கனத்தா பல் உரசல் காரணமே இல்லை, வெளியே தேடுங்க. அதுல லேசா இருந்து, மத்த கியர்ல மட்டும் கரகரன்னு காலுக்குத் தெரிஞ்சா, அப்ப வாங்க, ஹப்பைத் திறக்கிறதைப் பத்திப் பேசலாம். நம்ம மக்கள் இந்த வரிசையைத் தலைகீழாப் பிடிக்கிறாங்க. முதல் வேலையே திறக்கிறது. திறந்தா கிரீஸ். கிரீஸ்னா ஊமை.

எதிர்க்கட்சி சொல்றதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன். மூணு கியர் ஹப்பு அப்படியே கல்வராயன் ஏறாது. ஆனா அதுக்குக் காரணம் உராய்வு இல்லை, விகிதம். என் வண்டியில முன்னாடி 46 பல், பின்னாடி 18, சக்கரம் 26 இஞ்ச். முதல் கியர்லயே ஐம்பது இஞ்ச் கணக்கு வருது. வெளிக் கியர் மலை சைக்கிள் வச்சிருக்கவங்க அதுல பாதிக்கும் கீழே இறங்கி ஏறுவாங்க. பின்னாடி பல்சக்கரத்தை 22 பல்லா மாத்தினா 41க்கு வரும். ஒரு வளையக் கிளிப்பை நெம்பி எடுத்தா பழசு கழண்டு வந்துடும், செயின்ல ரெண்டு கண்ணி சேர்க்கணும், அவ்வளவுதான். சமவெளியில டாப் ஸ்பீடு போகும், போகட்டும், கரும்பு டிராக்டரை முந்தி எனக்கு என்ன ஆகப்போகுது. 'மலைக்கு ஆகாது'ன்னு சொல்றவங்க எத்தனை பல் போட்டு ஏறிப் பார்த்தீங்கன்னு எழுதறதே இல்லை. தோசைக்கல்லு சூடேறலைன்னா மாவு சரியில்லைங்கிற மாதிரி இருக்கு.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி முழக்குறேன்னா, நமக்கு இது பொழுதுபோக்கு. கனத்தா பைக்கை எடுத்துக்கிட்டுப் போயிடுவோம். கச்சிராயபாளையத்துக்கிட்ட போன மாசம் ஒரு காலையில டீ குடிச்சுட்டு இருந்தேன். மலையடிவாரப் பக்கத்துலேர்ந்து வர்ற பசங்க, அரசாங்கம் பதினோராம் வகுப்புல கொடுக்குற சைக்கிள். எல்லாம் ஒத்தைப் பல்லு. விழுப்புரத்தோட சமவெளியில ஓட்டுற பிள்ளைக்கும் அதே சைக்கிள், இந்த ஏத்தத்துல மிதிக்கிற பிள்ளைக்கும் அதே சைக்கிள். (2019லேர்ந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம், சைக்கிள் மட்டும் பிரியலை.) ஒரு பையன் சமதரையிலேயே எழுந்து நின்னு மிதிச்சுக்கிட்டு வந்தான். "என்ன தம்பி, இங்கேயே நின்னு மிதிக்கிறே?"

"வண்டி கனக்குதுண்ணா. வாங்கினப்பலேர்ந்து இப்படித்தான். இந்த வண்டியே அப்படித்தானாம்."

'இந்த வண்டியே அப்படித்தானாம்.' நம்ம பின்னூட்டப் பெட்டியில இருக்கிற அதே வாக்கியம்! யாரோ பெரியவங்க சொல்லியிருப்பாங்க, அவன் நம்பி ஒரு வருஷமா மிதிச்சிருக்கான். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுத்தினேன். வால்வு பக்கவாட்டுலயே நின்னுச்சு. கோன் ஸ்பேனர் பையில இருந்தது, காலாவட்டம் தளர்த்தி நட்டைப் பூட்டினேன். டீக்கடைக்குப் பக்கத்துல காத்தடிச்சோம். எல்லாம் சேர்த்து என் டீ ஆறுற நேரம் கூட ஆகலை. ஏறி உட்கார்ந்து நாலு மிதி மிதிச்சவன் திரும்பிப் பார்த்து, "ண்ணா, செயின் அறுந்துடுச்சோன்னு நெனச்சேன்"ன்னான் :-)

அவனோட வண்டியில உள்கியர் இல்லை, தெரியும். ஆனா அந்த ஏத்தத்துக்கு அவனுக்கு வேண்டியது அதுதான்னு நினைக்கிறேன். வெளிக் கியர் வேண்டாம், ஸ்டாண்டுல ஒரு தடவை சாய்ஞ்சு விழுந்தா வளைஞ்சுடும், மண்ணு புகுந்தா பல்லைக் கடிக்கும். மூடின டப்பாவுக்குள்ள மூணு கியர், வெளியே அவன் வழக்கமாப் பார்க்கிற ஒத்தைச் செயின். விலை கூடும்தான், அதைப் பேசலாம், எவ்வளவு கூடும்னு கணக்குப் போடலாம். ஆனா பேச்சு அங்கே போறதே இல்லை. 'ஹப்பு பாதியைத் தின்னுடும்'னு நாம ஆளாளுக்கு எழுதி வச்சா, நாளைக்கு யாராவது இந்தக் கேள்வியை எடுத்தாலும் கூகிள்ல தேடினா நம்ம வாந்திதான் முதல்ல வரும். என் பழைய பதிவையும் சேர்த்துத்தான் சொல்றேன். அதோட தலைப்புக்குப் பக்கத்துல 'இது தப்பு'ன்னு ஒரு வரி இன்னிக்கு ராத்திரி போட்டுடறேன்.

நம்ம நண்பருக்கும் ரிப்பீட்டேய் போட்ட முப்பது பேருக்கும் ஒரே விண்ணப்பம். திட்டுங்க, வேண்டாம்னு சொல்லலை. பின்னூட்டத்துல திட்டுக்கு முன்னாடி மூணு விஷயம் மட்டும் எழுதுங்க: உங்க பின் சக்கரம் நிக்கிறப்ப வால்வு எங்கே நின்னுச்சு? பின்னாடி எத்தனை பல்? நேரடி கியர்லயும் கனத்துச்சா?

டிஸ்கி: 22 பல்லு சக்கரம் ஆர்டர் போட்டாச்சு. வந்ததும் கோமுகி அணையிலேர்ந்து கரியாலூர் வழியா வெள்ளிமலை. இந்தத் தடவை முதுகுப் பையில ஒரு லிட்டர் தண்ணிதான்.